கிறிஸ்துமஸ் வான்கோழி: 23-ஆம் தேதியே அறுத்துவிடுங்கள்

கொல்லையில் வான்கோழி வளர்த்த வீடுகளில் பெரும்பாலும் 24-ஆம் தேதி இரவு, கோவிலுக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் கத்தியைத் தேடுவார்கள். விடிந்ததும் கறி அடுப்பில். மெல்ல முடியாமல் இழுத்தால் பழி பறவைமேல் விழும். அது நியாயமே இல்லை. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். மறுபடி தளர, குளிரில் ஒரு நாளாவது கிடக்க வேண்டும். ஆகவே 23-ஆம் தேதி காலையிலேயே அறுத்துவிடுங்கள்.

அண்மையில் மருந்து கொடுத்திருந்தால், கறிக்கு எத்தனை நாள் இடைவெளி என்று புட்டியில் இன்றே பாருங்கள். 22-ஆம் தேதி மாலையோடு தீவனத்தை நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். தீனிப்பை காலியாக இருந்தால் கறி அசுத்தப்படாது. சோர்ந்து நிற்கும் பறவையை அறுக்கவே வேண்டாம். கூட்டில் திடீரென்று பறவைகள் செத்தால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

துரத்திப் பிடிக்காதீர்கள். இறக்கையை அடித்துத் திமிறினால் நெஞ்சுக்கறியில் ரத்தம் கட்டும். இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடித்து, அறுத்ததும் தலைகீழாகத் தொங்கவிட்டு ரத்தம் முழுக்க வடியவிடுங்கள்.

முடி பிடுங்கக் கொதிக்கும் தண்ணீர் ஆகாது. தோல் வெந்து கிழியும். கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம பங்கு கலந்தால் 60 முதல் 65 டிகிரி வரும். அதில் முக்கால் நிமிடம் முக்கி ஆட்டி, இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் போதும். மிச்சப் பூமுடியை வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவுங்கள். வால்மேலுள்ள மஞ்சள் நிற எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியாவிட்டால் குழம்பே நாறும். பித்தப்பை உடையாமல் ஈரலை எடுங்கள். ஈரலில் வட்ட வட்டமாக, குழிந்த மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது கருந்தலை நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டாமல் சமைக்காதீர்கள்.

சுத்தம் செய்ததும் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பெரிய பறவையின் உட்புறம் லேசில் குளிராது. வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணியுங்கள். துண்டு போட்டால் சீக்கிரம் குளிரும். பிரியாணிக்கும் குழம்புக்கும் அதுவே வசதி. பிறகு மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 25-ஆம் தேதி வரை வையுங்கள். முழுசாகச் சுடுபவர்கள், தொடையின் உட்பகுதி 74 டிகிரி தொட்ட பிறகே இறக்குங்கள்.

முன்பே அறுத்து பிரீசரில் வைத்திருப்பவர்கள் 22-ஆம் தேதியே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். நாலு கிலோ பறவை இளக இரண்டு நாள் ஆகும்.