கூடைப்பந்தாட்டத்தில் எதனைக் கணக்கிட வேண்டும்?

மாணவர்களே, பின்வரும் இரு வீரர்களை நோக்குக.

வீரர் அ: 20 இரண்டு புள்ளி எறிகைகள், 10 கூடையினுள் விழுந்தன.
வீரர் ஆ: 20 மூன்று புள்ளி எறிகைகள், 8 விழுந்தன.

சதவீதம் முறையே 50, 40. “அ சிறந்தவர்” என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடுபவர்களே அதிகம். சற்றுப் பொறுங்கள். பெற்ற புள்ளிகளோ முறையே 20, 24 அல்லவா?

ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டிகளில் 1979 இல் மூன்று புள்ளிக் கோடு அறிமுகமானது. அதன்பின் சாதாரண சதவீதம் மட்டும் போதவில்லை. எனவே விழுந்த எறிகைகளின் எண்ணிக்கையுடன், அவற்றுள் மூன்று புள்ளி எறிகைகளின் அரைவாசியைக் கூட்டி, மொத்த எறிகைகளால் வகுப்பர். இது பயனுறு எறிகைச் சதவீதம் எனப்படும்.

ஆ: (8 + 4) ÷ 20 × 100 = 60
அ: (10 + 0) ÷ 20 × 100 = 50

புள்ளி பெறுவது மட்டுமே ஆட்டம் அன்று. எதிரணியின் எறிகையைத் தடுத்தலும் திறமையே. ஆனால் என்.பி.ஏ. இதனை உத்தியோகபூர்வமாகப் பதியத் தொடங்கியது 1973-74 பருவகாலத்திலேயே. தடுப்பதில் பெயர்பெற்ற பில் ரசல், பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியுடன் 11 முறை சம்பியனாகி, 1969 இல் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் தடுத்த எறிகைகளுக்கு உத்தியோகபூர்வத் தொகை இல்லை!

பயிற்சி: வீரர் இ 16 முறை எறிந்தார். விழுந்தவை 6, அவற்றுள் 4 மூன்று புள்ளி எறிகைகள். பயனுறு எறிகைச் சதவீதத்தைக் கண்டு, அ உடன் ஒப்பிடுக. (விடை: 50, இருவரும் சமம்)