தேக்கா வீட்டு விலையை வைத்துப் புள்ளியியல் பழகலாம்

தரவுப் பகுப்பாய்வு படிக்கத் தொடங்குகிறவர் கையில் பெரும்பாலும் முதலில் வந்து சேருவது ஐரிஸ் பூக்கள்தான். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் இதழ் அளவுகள் அவை. சின்னக் கோப்பு, சுத்தமான கோப்பு. ஆனால் இதழின் அகலம் 2.5 செண்டிமீட்டர் என்று திரையில் வந்தால் அது வழக்கமா, விதிவிலக்கா என்று சிங்கப்பூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? மென்பொருள் தப்பான விடை தந்தாலும் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அதே திரையில் தேக்கா நாலறை வீடு 80,000 வெள்ளி என்று வந்தால் எங்கோ உதைக்கிறது என்று உடனே பிடிபடும். அதனால்தான் தொடக்கநிலையினர் தமக்குப் பழக்கமான ஊரின் தரவை வைத்துக் கற்க வேண்டும் என்கிறேன். கணக்கைக் கருவி போட்டுவிடும். விடையைச் சந்தேகிக்க நமக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி, கருவியும் கோப்பும். ஜமோவி என்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நிரல் எழுதத் தேவையில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப்பும் ஏறக்குறைய இதே வகைதான். தரவுக்கு, 2011இல் தொடங்கிய அரசாங்கத் தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜிக்குப் போய் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை விலைக் கோப்பை சிஎஸ்வி வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். 1990 முதலான விற்பனைகள் பல கோப்புகளாக இருக்கும். 2017 ஜனவரியில் தொடங்குவது போதும். ஒரு வரிசை என்றால் ஒரு விற்பனை. லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் இருப்பதால் கணினி திணறினால், எக்செல்லில் வேண்டிய தெருக்களை மட்டும் வடிகட்டி வேறு கோப்பாகச் சேமித்துவிட்டு ஜமோவியில் திறக்கலாம்.

இரண்டாம் படி, எந்தக் கணக்கும் போடாமல் பத்திகளை ஒவ்வொன்றாகப் படிப்பது. தேக்கா இருக்கும் வட்டாரமாயிற்றே என்று நகரப் பத்தியில் ‘லிட்டில் இந்தியா’ எனத் தேடினால் கிடைக்காது, வீவக தன் நகரங்களை அப்படிப் பிரிக்கவில்லை. தெருப் பத்தியில் பஃபலோ ரோடு, ரோவல் ரோடு, சந்தர் ரோடு, வீராசாமி ரோடு என்று தேட வேண்டும், அதுவும் ‘ரோடு’ சுருக்கி எழுதப்பட்டிருக்கும். மாதம் என்பது விற்பனை பதிவான மாதம், விலை பேசி முடித்த நாள் அல்ல. நாலறை வீடு என்றால் வரவேற்பறையையும் சேர்த்து நாலு. எஞ்சிய குத்தகைக்காலம் ‘61 ஆண்டு 4 மாதம்’ என்பதுபோல எழுத்தாகவே இருப்பதால் அதற்குச் சராசரி எடுக்க முடியாது. குத்தகை தொடங்கிய ஆண்டைக் கொண்டு, 99 ஆண்டுக் குத்தகையில் எவ்வளவு கழிந்தது என்று புதிய பத்தியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஜமோவியில் பத்தியின் தலைப்பை இருமுறை சொடுக்கினால் அது அளவா, வகையா என்று குறிக்கலாம். புளோக் எண் பார்வைக்கு எண். உண்மையில் அது பெயர். அதை அளவாக விட்டுவிட்டால் மென்பொருள் கூச்சமே இல்லாமல் புளோக்குகளின் சராசரியைச் சொல்லும்.

மூன்றாம் படி, எண்ணுக்கு முன்னால் படம். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரியும் சிதறலும் உடன்தொடர்பும் கிட்டத்தட்ட ஒன்றே. வரைபடமாக்கினால் ஒன்று நேர்கோட்டை ஒட்டியும், ஒன்று வளைந்தும், மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளியால் இழுபட்டும் நிற்கும். ஆகவே ஜமோவியின் ஆய்வுப் பட்டியலில் விவரணைப் பகுதியைத் திறந்து, விலையை உள்ளே இழுத்துப்போட்டு, முதலில் பரவல் படத்தைக் கேளுங்கள். பிறகு சராசரியையும், விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து வீடுகள் 450,000, 460,000, 470,000, 480,000, 900,000 வெள்ளிக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். சராசரி 552,000, இடைநிலை 470,000. வீடு வாங்க வருகிறவருக்கு இரண்டாவது எண்தான் உதவும்.

நான்காம் படி, ஒப்பிடுவது. ஒரு மாதத்தில் ஐந்தறை வீடுகள் அதிகம் கைமாறினால் எந்த வீட்டின் விலையும் ஏறாமலே சராசரி ஏறிவிடும். அதனால் வீட்டு வகைவாரியாகப் பிரித்து, விலையைப் பரப்பளவால் வகுத்துச் சதுர மீட்டர் விலையாக்கி ஒப்பிடுங்கள். நகர மையத்தை ஒட்டிய வட்டாரங்களில் பழைய கட்டடங்கள் அதிகம், இடத்துக்கு மவுசும் அதிகம். எல்லா நகரங்களையும் ஒன்றாகக் கொட்டினால் பழைய வீடு என்பதால் குறையும் விலையை இடத்தின் மதிப்பு மறைத்துவிடும். ஒரு தெருவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விற்பனை இருந்தால் அதை வைத்துப் போக்கு எதுவும் சொல்லாதீர்கள்.

இதற்கு எக்செல்லே போதாதா என்று கேட்கலாம். கூட்டிக் கழிக்கப் போதும். ஆனால் ஜமோவியில் தரவும் ஆய்வும் விடையும் ஒரே கோப்பில் சேர்ந்திருக்கும். ஒரு வடிகட்டியை மாற்றினால் விடைகளும் தாமே மாறும், என்ன செய்தோம் என்று பிறர் சரிபார்க்கவும் முடியும். நிரல் தெரியாமல் வேலை கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஜமோவியின் அடித்தளமே ஆர் மொழிதான். தொடரியல் பயன்முறையை இயக்கினால் நீங்கள் சொடுக்கிய ஒவ்வோர் ஆய்வுக்கும் உரிய ஆர் நிரலைக் காட்டும், அங்கிருந்து படியேறலாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடுமே என்பவர்களுக்கு என் பதில்: அது சொன்னது சரியா என்று பார்க்க, மேலே சொன்ன நான்கு படிகளும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஐந்தாம் படி, எழுதி வைப்பது. கேள்வி என்ன, எந்த வரிசைகளை விட்டோம், என்ன கண்டோம் என்று மூன்று வாக்கியம் போதும். 25 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு 2016 முதல் ஸ்கில்ஸ்பியூச்சர் கணக்கில் கிடைக்கும் 500 வெள்ளியை வகுப்புக்குச் செலவிடுவதானால், இந்த மூன்று வாக்கியத்தை எழுதிய பிறகு செலவிடுங்கள். எதைக் கற்க வந்தோம் என்று தெரிந்துகொண்டு உட்காருகிறவருக்குத்தான் வகுப்பில் கேட்கக் கேள்வி இருக்கும்.