பண்ணைக்கு ஆள் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்

நாமக்கல் பக்கம் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் எங்கும் போகாமல் இருப்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. கோழிக்குத் தீவனம் வைக்க வேண்டும், மாடு கறக்க வேண்டும், லாரி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கும். ஆகவே எங்கே போவது என்று பேசுவதற்கு முன், வீட்டையும் பண்ணையையும் யார் பார்ப்பது என்று பேசி முடியுங்கள்.

கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு வழி எளிது. குஞ்சு இறக்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கோழி ஏற்றிவிடுவார்கள். கொட்டகையைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துவிட்டு, அடுத்த பேட்ச் வரும்வரை கிடைக்கும் இடைவெளிதான் உங்கள் விடுமுறை. முட்டைக்கோழிப் பண்ணைக்கு அந்த இடைவெளி கிடையாது. அண்ணன் குடும்பம் ஒருமுறை, தம்பி குடும்பம் ஒருமுறை என்று முறை வைத்துக்கொண்டால்தான் நடக்கும். மாடு இருந்தால், பொறுப்பேற்கும் ஆளை நாலைந்து நாள் முன்பே வரச்சொல்லிக் கறக்கப் பழக்குங்கள். புதுக் கைக்கு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அது தெரியாமல் கிளம்பினால் பாதி வழியில் போன் வரும், மனசு ஊரிலேயே கிடக்கும்.

அடுத்து, இந்தப் பயணம் யாருக்காக என்று முடிவு செய்யுங்கள். குழந்தைகளுக்காக என்றுதான் எல்லோரும் சொல்வோம். வீட்டில் ஒருநாள்கூட ஓய்வில்லாதவர் பெரும்பாலும் அம்மாதான். போன இடத்திலும் அடுப்பு பற்றவைத்து, பாத்திரம் கழுவி, துணி அலசினால் அவருக்கு அது விடுமுறையே ஆகாது. அதனால் எங்கே போகலாம் என்று முதலில் அவரைக் கேளுங்கள். முதல் வேளைக்கு மட்டும் கட்டுச்சோறு போதும்: புளிச்சோறு, எள்ளுப்பொடி தடவிய இட்லி, அவித்த முட்டை. அதையும் முந்தின இரவே எல்லோரும் சேர்ந்து கட்டுங்கள். மற்ற வேளைகளுக்கு ஓட்டல்.

வெளியூர்ப் பயணம் பழக்கமில்லாத குடும்பம் ஒரே நாளில் போய்வரக்கூடிய கொல்லிமலையில் தொடங்கலாம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோலைக் கீழேயே போட்டுவிடுங்கள். காரவள்ளியில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். குழந்தைகள் வயிறுமுட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது, மலை ஏறும்போது செல்போன் பார்க்கக் கூடாது, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூரத்து மலையைப் பார்த்துவர வேண்டும். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். ஓட்டுபவருக்கும் இரண்டு சொல்: ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள், இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே தீய்ந்த வாடை வரும். வளைவுகளே ஆகாது என்றால் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. அதில் இத்தனை வளைவுகள் இல்லை.

மேலே போனதும் அருவி, படகுக் குழாம், காட்சிமுனை என்று எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கையும் ஒரு நாளுக்கு நிறைவாக இருக்கும். அருவிக்குப் போகும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது தெரியாது; குளித்த களைப்போடு திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். அப்பத்தாவையும் அம்மிச்சியையும் கோயிலிலேயே உட்காரவைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே இருங்கள். பெரியவர்கள் தனியாகக் காத்துக்கிடப்பது இத்தகைய பயணங்களில் அடிக்கடி நடக்கிறது, அது மனசுக்குக் கஷ்டமான விஷயம். மிளகும் பலாவும் வாழையும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுங்கள்.

இது பழகிவிட்டால் தீவுக்குப் போகலாம். கப்பலும் விமானமும் வேண்டாம், நம் காரிலேயே போய்ச்சேரக்கூடிய தீவு ராமேஸ்வரம். கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழியாகச் சுமார் 350 கிலோமீட்டர். இரண்டு இரவு, மூன்று நாள் ஒதுக்குங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மழைக்காலம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளுக்குப் பக்கத்தில் திட்டமிட்டால் அறையும் கிடைக்காது, நிற்க இடமும் கிடைக்காது.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதென்றால், ஓட்டுபவர் முந்தின இரவு ஒன்பதுக்கே படுத்திருக்க வேண்டும். லாரித் தொழில் நடக்கும் ஊர் நம்முடையது. தூக்கமில்லாத ஸ்டியரிங் என்ன செய்யும் என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். டாக்சி எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். டிரைவர் படியையும் இரவு அவர் படுக்க இடத்தையும் முன்பே பேசிவிடுங்கள்.

செலவுக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். போகவர, அங்கே சுற்ற, எல்லாம் சேர்த்து 800 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் ஏறத்தாழ 53 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,300 ரூபாய். ராசாம்பாளையத்தில் தொடங்கி வழியில் பல சுங்கச்சாவடிகள் வரும், பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள். மொத்தக் கணக்கோடு பத்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் டயர் பஞ்சரானாலும் கை கடிக்காது.

மதுரைக்குள் நுழையாமல் புறவழிச்சாலையைப் பிடித்தால் மதியத்துக்குள் பாம்பன். கடலுக்கு மேல் போகும் சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது. பக்கத்தில், 1914-ன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும். கப்பல் வந்தால் புதிய பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். பிள்ளைகளுக்கு அதை வழியிலேயே சொல்லி வையுங்கள், வாய்பிளந்து பார்ப்பார்கள். படம் எடுக்கப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

முதல் நாள் மதியம் தூங்குங்கள், மாலையில் கடற்கரை. மறுநாள் காலை கோயில். அக்னி தீர்த்தத்தில் குளித்து, உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடக்கும்போது தரை முழுக்க ஈரம். பெரியவர்கள் கையை விடாதீர்கள். ஈரத் துணியோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். செல்போனுக்கும் அனுமதி இல்லை.

மூன்று மணி வெயில் தணிந்ததும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் இந்த ஊரையும், பயணிகளோடு வந்துகொண்டிருந்த ஒரு ரயிலையும் கொண்டுபோய்விட்டது. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று அந்த இரவைப் பற்றிப் பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை. ஒருபக்கம் கடல் அமைதியாகக் கிடக்கும், மறுபக்கம் சீறும். அங்கே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் இருந்தே பார்க்க வேண்டிய இடம் அது. மாலையானதும் போலீஸ்காரர்கள் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள், நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் பேய்க்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். ஊர் வந்து சேரும் நாள் சனிக்கிழமையாக இருக்கும்படி புறப்படும் நாளை வையுங்கள். அன்று இரவுச் சாப்பாட்டைக் கரூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முழுக்கத் துணி துவைக்கவும், பண்ணையைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூலியோடு ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்து வரவும் நேரம் இருக்கும்.