பழைய நிலப்படங்களும் சென்னை மாநகரும்

ஓர் ஊரின் பழமையை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். நிலப்படத்தை நாடுவோர் மிகச் சிலரே. அரசர் இன்னார், கொடை இன்னது என்பவற்றைக் கல்வெட்டுக் கூறும். ஆறு எவ்வழிச் சென்றது, ஏரி எங்கே தளும்பியது, கடல் எதுவரை வந்து மீண்டது என்பனவற்றையோ படமே கூறவல்லது.

யாம் இவ்வாராய்ச்சியிற் புகுந்தது ஒரு வழக்கின் பொருட்டாகும். எம் வகுப்பு நண்பர் ஒருவரின் இல்லம் தியாகராய நகரில் உள்ளது. 2021 ஆம் ஆண்டு நவம்பர் மழையில் அப்பகுதித் தெருக்கள் நீருள் நின்றபோது, அவ்வீட்டின் கீழ்த்தளத்திலும் முழங்காலளவு நீர் புகுந்தது. முதுமை எய்திய பாட்டியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினர். அண்டை வீட்டார் எழுப்பிய மதிலே வெள்ளத்தைத் தம் பக்கம் திருப்பியது என்பது நண்பரின் தந்தையார் கொண்ட துணிபு. எங்கள் வீட்டிலும் நீர் புகுந்ததே என்பது அண்டை வீட்டார் மறுமொழி. இரு குடும்பத்தாரும் பேச்சொழிந்து ஆண்டுகள் சில ஆயின. மதில் எழுமுன் அந்நிலம் எவ்வாறு இருந்தது என்று பார்ப்போம் என யாம் மூவர் கூடிப் புறப்பட்டோம்.

படங்கள் கிடைப்பது நாங்கள் அஞ்சிய அளவு அரிதன்று. 1913 இல் வெளிவந்த லவ் என்பாரின் சென்னை வரலாறு மூன்று தொகுதிகளுள், ஆளுநர் தாமஸ் பிட் ஆணையால் அளக்கப்பட்டு ஏறத்தாழ 1710 இல் வெளிவந்த படத்தைக் காணலாம். 1755 இல் கான்ராடி வரைந்ததும், 1822 இல் ரேவன்ஷா வரைந்ததும் கோட்டையையும் கறுப்பர் நகரையும் காட்டுவன. எழும்பூரிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்திலும் பழைய படங்கள் உள. வழிப்போக்கர்க்கென அச்சிட்ட பழைய கையேடுகளின் மடிப்புப் படங்களையும் இகழ்தல் ஆகாது. பழைய புத்தகக் கடையில் மலிவாக வாங்கிய அத்தகைய தாள் ஒன்றே எமக்கு மிகுதியும் உதவியது.

படம் கிடைத்தபின் அதனை இக்காலத்துப் படத்தின்மேல் பொருத்துதல் வேண்டும். இங்கே யாம் செய்த பிழையை மறைக்காது கூறுகின்றோம். துறைமுகம் கட்டுமுன் வரையப்பட்ட படம் ஒன்றைக் கண்ணாடித்தாளிற் பெயர்த்து, அளவை ஒத்ததாக்கி, கடற்கரைக் கோட்டின்மேல் கடற்கரைக் கோடு படியுமாறு வைத்தோம். கடலினும் நிலையானது யாது என்பது எமது எண்ணம். அவ்வாறு வைத்தவளவில் 1680 இல் அர்ச்சிக்கப்பட்ட தூய மரியன்னை ஆலயம் கோட்டையை விட்டு நகர்ந்து, துறைமுக மதிலுக்குள் போய் அமர்ந்தது! நகர்ந்தது ஆலயமன்று, கடலே என்பதை உணர எமக்கு ஒருநாள் முழுதும் கழிந்தது. 1876 இல் தொடங்கிய துறைமுகக் கற்சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கு நோக்கிச் செல்லும் கடல்மணலைத் தடுத்தன. மணல் தெற்கே குவிந்து மெரீனாக் கடற்கரையை அகலச் செய்தது. வடக்கே இராயபுரம் பக்கத்துக் கரையோ மணல்வரவு இழந்து கடலால் அரிக்கப்பட்டது. 1842 இல் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு, அதாவது இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுவது, அக்காலத்தில் அலைக்கு அணித்தாகவே நின்றதென்றால் இன்று மணலில் நடப்பவர் நம்பமாட்டார்.

ஆதலின் அசையாப் பொருள்களையே முளைகளாகக் கொள்ளல் வேண்டும். கோட்டையுள் மேற்கூறிய ஆலயம், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில், மயிலையில் 1516 ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் லஸ் ஆலயம், பரங்கிமலை உச்சி ஆகிய இவற்றுள் மூன்றேனும் பொருந்தினாலன்றி ஒரு படத்தை நம்பற்க. 1802 இல் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கியதற்கு முற்பட்ட படங்கள் சங்கிலியும் திசைகாட்டியும் கொண்டு வரையப்பட்டவை. அவை மயிரிழை பிசகாமல் பொருந்தும் என எதிர்பார்த்தல் நேர்மையன்று.

படம் வரைந்தவன் கருத்தையும் அறிதல் வேண்டும். கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரைப் பிட் படத்தில் தெருத்தெருவாகக் காணலாம். 1746 இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபின் அதில் ஒரு பகுதி இடிந்தது. திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்தனர். பகைவர் ஒளிய இடமின்றிப் பீரங்கிக்கு வெளி வேண்டும் என்பது காரணம். அவ்வெளியின் எல்லையாக 1773 இல் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் பாரிமுனைக் கட்டிடத்தில் நிற்கிறது. கறுப்பர் நகரோடு இடிபட்ட சென்னகேசவர் கோயில் இன்றைய தேவராச முதலித் தெருவில் மீண்டும் எழுந்தது. குடியிருந்தோர் எங்கெங்குச் சென்றனர் என்பதைப் படம் கூறவில்லை. பீரங்கியின் தொலைவை அளந்தவர் அதனை அளப்பாரா? இடிந்த நகரின் மண்மீதுதான் 1892 முதல் உயர்நீதிமன்றம் விளங்குகிறது.

இனி எம் வழக்கிற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் படத்தை விரித்தபோது, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டிற்கு மேற்கே, வளைந்து நீண்ட நீர்ப்பரப்பு ஒன்று நீலநிறத்திற் கிடந்தது. அதன் பெயர் நெட்டேரி என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. சென்னை நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சரிவது. ஆதலின் கிழக்கே கரை கட்டி, மேற்கிலிருந்து வரும் மழைநீரைத் தேக்கினர் முன்னோர். நகரில் குடியிருப்புக்கு நிலம் போதாமையால் 1920களில் இவ்வேரியின் நீரை வடித்து மனைகள் வகுத்தனர். சர் பிட்டி தியாகராயர் பெயரால் நகரும், பனகல் அரசர் பெயரால் பூங்காவும், அதனின்று ஆரைபோற் பிரியும் வீதிகளும் தோன்றின. எஞ்சிய வடபகுதியும் பின்னர்த் தூர்ந்தது; 1976 இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அவ்வேரி நிலத்திலேயே.

ஏரி போயிற்று, பெயர் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு, 'லேக் ஏரியா' உண்டு. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு. அங்கிருந்து காண்பதற்கு நீர் ஒரு துளியும் இல்லை. தமிழ் பயில்வார் இதனைக் கருதுவாராக. தாங்கல் என்பது சிற்றேரி. பழவந்தாங்கலில் இறங்கும் இரயில் பயணிகளுள் எத்துணைப் பேர் அச்சொல்லின் பொருளை நினைப்பர்? இடப்பெயர் ஆராய்வோன் நிகண்டையும் நிலப்படத்தையும் ஒருங்கே திறத்தல் நன்று.

2011 இல் மாநகராட்சி 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பெருநகர்ப் பகுதியை 1,189 இலிருந்து 5,904 ஆக்க 2022 இல் ஆணை பிறந்தது. இப்புதிய எல்லையுள் அடங்கும் ஏரிகள் பலவாதலின், மனை வாங்குவோர் பழைய அளவைப் படத்தை ஒருமுறை நோக்கல் வேண்டும் என்பது எம் கருத்து.

படத்தை நண்பர் இல்லத்திற்குக் கொண்டுசென்று, கண்ணாடித்தாளில் வரைந்த இன்றைய தெருக்களை அதன்மேல் விரித்தோம். அவர்தம் வீடும் அண்டை வீடும் மதிலும் யாவும் நீலத்துள் அடங்கின. தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பாட்டியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து நோக்கி, "என் மாமியார் இதை 'ஏரிக்குள்ள வீடு'ன்னுதான் சொல்லுவாங்க. என்னைக் கட்டிக்கொடுத்த இடத்தைப் பரிகாசம் பண்றாங்கன்னு நான் அப்போ கோபப்பட்டேன்" என்றார். பின் தந்தையார் தாளிரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே சென்றார். அண்டை வீட்டு வாயிற்கதவு திறக்கும் ஒலி கேட்டது. ஒரு மணி நேரங் கழித்துத் திரும்பிவந்து, அவ்வீட்டாருக்கும் ஒரு படி வேண்டுமென்றும், அதில் பழைய ஏரிக்கரை எங்கே செல்கிறது என்பதைச் சிவப்பு மையால் குறித்துத் தருமாறும் எம்மைக் கேட்டார்.