நிலநடுக்கப் புள்ளிகளும் ஒரு செய்தியோடையும்

மட்டக்களப்பு படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். செய்தியோடை என்று பேச்செடுத்தால் சக ஆசிரியர்கள், "அதுதான் எல்லாம் வட்ஸ்அப்பில வருதே சேர்" என்பார்கள். வருகிறதுதான். ஆனால் போன வருடத்துச் சுற்றறிக்கையும் இன்று காலை கையெழுத்தானதுபோல் வந்து நிற்கும். முதலில் அனுப்பியவர் யாரென்று தெரியாது. செய்தியோடையில் விஷயம் வெளியிட்டவரிடமிருந்தே திகதியோடு வருகிறது.

ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, திகதி, இணைப்பு, சுருக்கம் ஆகியவற்றைச் சிறு கோப்பொன்றில் எழுதி வைக்கும். போனிலுள்ள வாசிப்புச் செயலி அதை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதியதை எடுத்து வரும். எதை மேலே காட்டுவது, எதை மறைப்பது என்று இடையில் யாரும் தீர்மானிப்பதில்லை. 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஆர்.எஸ்.எஸ். இதுதான். 2004இல் வந்த தமிழ்மணம் போன்ற வலைப்பதிவுத் திரட்டிகளும் இதை வைத்தே ஓடின.

வகுப்பில் எனக்கு அதிகம் உதவுவது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்க ஓடை. உலகம் முழுவதும் கடந்த ஏழு நாட்களில் நிகழ்ந்த 4.5க்கு மேற்பட்ட நடுக்கங்களை மட்டும் தரும் ஓடையொன்றைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். இடம், நேரம், ஆழம் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் கிழமைக்கொரு தடவை உலகப் படத்தில் புள்ளி வைப்பார்கள். தவணை பாதியாவதற்குள் பசுபிக்கின் ஓரம் முழுவதும் புள்ளி நிறைந்துவிடும். சுமாத்திராப் பக்கமும் விழும். தகட்டெல்லையை நான் கீறிக் காட்டவே தேவையில்லை.

அதன் பிறகுதான் 2004 டிசம்பர் 26க்குப் போவேன். அளவு 9.1, அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. இரண்டு மணி நேரத்துக்குள் கல்லடியிலும் நாவலடியிலும் அலை. இவர்கள் பிறப்பதற்கு முன் நடந்தது, ஆனால் கதை தெரியாத வீடு இல்லை. "அவ்வளவு நேரம் இருந்தும் ஏன் சேர் ஒருத்தரும் சொல்லல?" என்று யாராவது கேட்பார்கள். பசுபிக்கில் அப்போதே இருந்த எச்சரிக்கை முறை இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை என்பதிலிருந்து அன்றைய பாடம் வளரும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுவேன்: வாசிப்புச் செயலி தன் வசதிக்குத்தான் போய்ப் பார்க்கும். சுனாமி எச்சரிக்கைக்கு அதை நம்பியிருக்கக் கூடாது. ஓடையிலுள்ள நேரம் சர்வதேச நேரம் என்பதால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டவும் வேண்டும்.

டேட்டா பற்றிக் கேட்பவர்களுக்கு: ஓடை பெரும்பாலும் வெறும் எழுத்து. அன்ட்ரொய்டில் 'ஃபீடர்' என்ற இலவசச் செயலி போதும். வைஃபை உள்ளபோது மட்டும் புதுப்பிக்கும்படி அதில் அமைத்துவிடலாம். தளத்தின் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலான செயலிகள் ஓடையைத் தாமே கண்டுபிடிக்கும். பிடிபடாவிட்டால், வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரியின் கடைசியில் சாய்கோடிட்டு 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். யூடியூப் சனல்களுக்கும் ஓடை உண்டு. பாடக் காணொளிக்குப் போய் வேறெதையோ பார்த்து முடிக்கும் தொல்லை அதில் இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஓடை இருப்பது பலருக்குத் தெரியாது. மட்டக்களப்பு வாவி பற்றிய கட்டுரையைப் பின்தொடர்ந்தால், யாராவது திருத்தும்போது என்ன மாறியது, சான்று கொடுத்தார்களா என்று பிள்ளைகளோடு பார்க்கலாம். பாடப்புத்தகம் இதைச் சொல்லித்தராது.

ஒரு மாதமாகத் திறக்காத ஓடையை யோசிக்காமல் நீக்குங்கள். மிச்சப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டபோது அந்தக் கோப்பை வைத்திருந்தவர்கள் அதே பட்டியலோடு வேறு செயலிக்குப் போனார்கள்.

மாணவர்களை நான் எந்தச் செயலியையும் போடச் சொல்வதில்லை. கிழமைக்கு ஒரு இணைப்பு, அதோடு ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதற்கு மட்டும் வட்ஸ்அப். ஓடையே இல்லாத தளங்களை வெள்ளிக்கிழமை மாலைகளில் கையால்தான் திறந்து பார்க்கிறேன். அதற்கு இன்னும் வேறு வழி கிடைக்கவில்லை.