அடகு வைத்துக் காணிக்கை கொடுக்கலாமா?

விசுவாசமும் வாழ்வும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு. மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். கடைசி இரண்டு வெள்ளாமையும் கைக்கு வரவில்லை. உரக்கடைப் பாக்கி அப்படியே நிற்கிறது. போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வறுமை என்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்று அங்கே ஓர் ஊழியர் பேசினார். கையில் இருப்பதை 'விதைக் காணிக்கை'யாகக் கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வருமாம். என்னிடம் மிச்சம் இருப்பது இரண்டு பவுன் சங்கிலி. அதை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன். கணவர் வேண்டாம் என்கிறார். கொடுக்காமல் விட்டால் வரவேண்டிய ஆசீர்வாதத்தை நானே தடுத்தவள் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பந்தல்குடி

பதில்: சங்கிலியை அடகு வைக்காதீர்கள், சகோதரி. உங்கள் கணவர் அவிசுவாசத்தில் பேசவில்லை. வீட்டைக் காக்க வேண்டியவர் பேச வேண்டியதைத்தான் பேசியிருக்கிறார்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். ஆடுமாடு, பிள்ளைகள், உடல் நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவருடைய நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள்: உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, அதனால்தான் உனக்கு இந்த நிலை. ஆனால் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது யோபுவை அல்ல, அந்த நண்பர்களைத்தான். கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் பயிர் கருகும். 2018 முதல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்கிறது. ஜெபிக்கிறவர் காடு, ஜெபிக்காதவர் காடு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. உங்கள் நஷ்டத்தை உங்கள் விசுவாசத்தின் மேல் யாரும் சுமத்த வேண்டாம். நீங்களும் சுமத்திக்கொள்ள வேண்டாம்.

'விதைக் காணிக்கை' என்ற போதனை நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சபைகளில் கேட்டது அல்ல. சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற பிரசங்கியார் பரப்பியது அது. அதைப் போதிக்கிறவர்கள் காட்டும் வசனம் மாற்கு 10:30. அதை முழுதாக வாசியுங்கள். எல்லாவற்றையும் விட்டுப் பின்பற்றியவர்களுக்கு இயேசு சொன்ன நூறு மடங்கில் வீடும் நிலமும் மட்டும் இல்லை, சகோதரரும் தாய்மாரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், துன்பங்களும் இருக்கின்றன. நூறு தாய்மார் வட்டியாக வர முடியுமா? சபை ஒரே குடும்பமாக வாழ்ந்தால்தான் வருவார்கள். கடவுளிடம் போட்ட முதலுக்குக் கிடைக்கும் லாபத்தைப் பற்றியதல்ல அந்த வசனம். வீட்டை இழந்தவருக்கு விசுவாசிகளின் வீடுகளெல்லாம் திறந்திருக்கும் என்பதே அதன் பொருள்.

ஏழை விதவையின் இரண்டு காசையும் உங்களுக்கு நினைவூட்டியிருப்பார்கள். மாற்கு 12-இல் அந்தச் சம்பவம் 41-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு நேர் முந்திய வசனத்தில் இயேசு யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை. அவளுடைய மனதை அவர் மெச்சினார். ஆனால் அந்த வசனத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, அவளைக் காட்டி இன்னொரு ஏழையிடம் கேட்பது சரியல்ல. அதே சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குப் படைத்த காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவிடுவதையும் அவர் கடிந்துகொள்கிறார். பவுலும் 2 கொரிந்தியர் 8-இல், கொடை ஒருவரிடம் இருப்பதைக் கொண்டே அளக்கப்படும், இல்லாததைக் கொண்டு அல்ல என்று தெளிவாக எழுதுகிறார்.

அப்படியானால் ஏழை கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். அதற்கு நம்மிடமே அழகான வழக்கம் இருக்கிறது: கைப்பிடி அரிசி. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரான வே. ச. அசரியாவின் மறைமாவட்டத்தில், கூலி வேலை செய்த பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடி பிள்ளைகள் சாப்பிடப் போகும் அதே பானையிலிருந்து வந்தது. கடன் வாங்கி யாரும் கைப்பிடி அரிசி போட்டதில்லை. அதற்கு ஈடாக ஒரு மூட்டை வரும் என்று கணக்குப் போட்டதும் இல்லை. நீங்களும் அப்படிக் கொடுங்கள். அது போதும்.

சங்கிலி உங்கள் வீட்டின் கடைசிக் காவல். உரக்கடைப் பாக்கிக்கு வழி தேடி முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பற்றிக் கேளுங்கள். அடுத்த விதைப்புக்குப் பயிர்க் காப்பீட்டைத் தவற விடாதீர்கள். பருத்திக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். மக்காச்சோளத்துக்கு அதைவிடக் குறைவு. உங்கள் போதகரிடமும் கடனைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள். விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்த சபையைத்தான் அப்போஸ்தலர் 6-இல் காண்கிறோம். சபை வாங்குகிற இடம் மட்டும் அல்ல, கொடுக்கிற இடமும்தான்.

கேள்வி: பந்தல்குடி பக்கம் லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறேன். கடவுள் தயவில் நல்ல வருமானம். தசமபாகத்தைப் பிசகாமல் கொடுத்துவிடுகிறேன். மீதித் தொண்ணூறு பங்குக்கும் கடவுள் கணக்குக் கேட்பாரா? பணக்காரனாக இருப்பது பாவமா?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: பணம் வைத்திருப்பது பாவம் அல்ல, சகோதரரே. இயேசுவின் உடலை அடக்கம் செய்யத் தன் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பு செல்வந்தர்தான். ஆனால் கணக்கு நூறு பங்குக்கும் உண்டு.

இதை நமக்கு விளக்கத் தகுதியான ஒருவர் உங்கள் ஊருக்கு வடமேற்கே, தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக நன்றாகச் சம்பாதித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டு சூட்டை விட்டுக் கதருக்கு மாறினார். சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும், 'நிலைத்த பொருளாதாரம்' பற்றி ஒரு நூலும் எழுதினார். 1960 ஜனவரி 30-இல் மறைந்தார்.

தணிக்கையாளரின் கண் அவரை விட்டுப் போகவே இல்லை. பணம் எவ்வளவு என்பதோடு அவர் நிற்கவில்லை. எப்படி வந்தது, வந்த வழியில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். பிழைப்புகளை இயற்கையை வைத்தே படிப்படியாகப் பிரித்தார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி கீழ்ப்படி. ஒன்றும் செய்யாமல் தோப்பில் பழத்தை மட்டும் பறிக்கும் குரங்கு அதற்கு மேல். கூட்டுக்காகச் சேர்க்கும் தேனீ இன்னும் மேல். கைம்மாறு எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை உச்சிப்படி.

லூக்கா 19-இல் சகேயுவும் இதே தணிக்கையைத் தன் வீட்டிலேயே செய்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திருப்பி. அவன் அப்படிச் சொன்ன பிறகே இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்ததாக இயேசு அறிவிக்கிறார்.

உங்கள் டிரைவர்களின் சம்பளம் சொன்ன தேதியில் போகிறதா? இரவு முழுக்க ஓட்டியவர் மறுநாள் தூங்க முடிகிறதா? அவர்களில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது? கொடுக்கல் வாங்கலில் நீங்கள் வாங்கும் வட்டி என்ன? கூலியாட்களுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்பது யாக்கோபு 5-இன் எச்சரிக்கை. அந்தக் கூக்குரலைத் தசமபாக ரசீது அடக்காது.

முதல் கேள்வியை எழுதிய சகோதரி நீங்கள் தொழில் செய்யும் ஊர்க்காரர். அவர் யார் என்று தேட வேண்டாம். அவரைப் போல உரக்கடைப் பாக்கியோடு உங்கள் சபையில் உங்களுக்கு நாலு வரிசை பின்னால் உட்காரும் குடும்பங்கள் இருக்கும். வட்டியில்லாமல், வெளியில் சொல்லாமல் அவர்களுக்குக் கைகொடுங்கள். அடகுக் கடைக்குப் போக இருந்த ஒரு சங்கிலி அந்த வீட்டிலேயே தங்கட்டும்.