சிறு துளையின் முதல் வேலை

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி 1984இல் பிரான்ஸின் அமியான் நகரில் தொடங்கியது. இந்தச் சிகிச்சைக்குப் பின் கிருமித்தொற்று வருவது அபூர்வம். நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் அகப்படுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள். தணிந்திருந்த முதுகுவலி சில வாரங்களில் திரும்பி, படுத்தாலும் விடாமல் குடைந்தால், காய்ச்சல் இல்லையே என்று சமாதானமாகிவிடாதீர்கள். சி.ஆர்.பி. பாருங்கள், எம்.ஆர்.ஐ. எடுங்கள்.

சீழ் தெரிந்தால் ஊசி வழியாகவோ எண்டோஸ்கோப் வழியாகவோ போவதற்கு முதல் காரணம் திசு எடுப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. சீழ் வடிவது அடுத்தது. தழும்பு சிறிதாவது கூடுதல் நன்மை. இந்த நோயை ஆற்றும் வேலையில் பெரும்பங்கு மருந்துடையது. முள்ளெலும்புத் தொற்றுக்கு ஆறு வார ஆன்டிபயாடிக், பன்னிரண்டு வாரத்துக்குக் குறைந்ததல்ல என்று 2015இல் லான்செட் இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் கிருமி இன்னதென்று உறுதியானவர்கள். அது தெரியாதபோது ஆறு வாரக் கணக்கையும் நம்பிச் சொல்ல முடியாது; சிமென்ட் உள்ளவருக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆகவே எடுத்த திசு எந்தப் பாட்டிலில் விழுகிறது என்பதை நீங்களே நின்று பாருங்கள். பயாப்சிக்கு ஃபார்மலின், கல்ச்சருக்கு சலைன். முழுவதும் ஃபார்மலினில் போய்விட்டால் கிருமி வளராது, அத்தனை பாடும் வீண். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் ஒரு துண்டு போக வேண்டும். எலும்புத் தேய்மானம் என்று எண்ணிச் சிமென்ட் வைத்த முள்ளெலும்பிலேயே காசநோய் ஒளிந்திருக்கக்கூடும்.

திசு எடுக்கும்வரை ஆன்டிபயாடிக்கைத் தொடங்காமல் இருப்பது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். செப்சிஸோ கால் பலவீனமோ இருந்தால் காத்திருக்கவே கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு தொடங்குங்கள். நிலை சீராக இருப்பவரிடம் பொறுக்கலாம். இன்னொரு மறுப்பு கனமானது. சிமென்ட்டின் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும், குழாய் வழியே கழுவினால் போகாது, திறந்து எடுப்பதே தீர்வு என்பார்கள். படலம் உண்மை. ஆனால் சிமென்ட்டை எடுப்பதென்றால் முள்ளெலும்பையே எடுத்து, உலோகக் கூடு வைத்து, தேய்ந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்க வேண்டும். இதயமும் பலவீனமான முதியவருக்கு அது தொற்றைவிடப் பெரிய ஆபத்தாகலாம். சிமென்ட் உள்ளே இருக்கும்போதே குணமானவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள், குணமாகாதவர்களும்தான். அதனால் சிறு துளையில் தொடங்குங்கள், பிடிவாதம் மட்டும் வேண்டாம். கால் தளர்ந்தால், சிறுநீர் அடைத்தால், எலும்பு சரிந்து கூன் விழுந்தால், சரியான மருந்துக்கும் வலியும் சி.ஆர்.பி.யும் இறங்காவிட்டால் திறந்தே ஆக வேண்டும். முதல் துளைக்குக் கையெழுத்து வாங்கும்போதே இதைக் குடும்பத்தாரிடம் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.